முதலில் கை வைக்க வேண்டியவள்

கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அது என் கையில் இல்லை என்பது தெரிந்தது. மருந்துப் புட்டியில் வேளை அளவு காட்ட ஒட்டுவோமே, அந்தக் காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். எடுக்கக் குனிந்தேன். வலது கை வரவில்லை. பிறகு வலது காலும் வரவில்லை.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கம்பவுண்டர் பரீட்சை தேறி, ராமநாதபுரத்தில் ஒரு பெண் டாக்டரின் மருந்தகத்தில் வேலை பார்த்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் (மூட்டுகளை வீங்கவைத்து, இதய வால்வில் தழும்பு விட்டுப்போகும் நோய்) காரணமாக இதயத்தில் ரத்தம் உறைந்து, அந்தத் துணுக்கு மூளைக்குப் போய் அடைத்துவிட்டதாம். இந்த நோய் இளவயதிலும் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"கால் முதலில் வரும். கை மெதுவாக வரும். விரல் கடைசி," என்றார் டாக்டர்.

"அதற்கு மருந்து, டாக்டர்?"

"மருந்து இல்லையம்மா. பயிற்சிதான்."

ஒரு கம்பவுண்டருக்குப் பிடிக்காத பதில்.

புதுமடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இடது கையால் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதினான்கு பயிற்சிகள், தினம் மூன்று வேளை. இரண்டு மாதத்தில் கால் வந்தது. கை மட்டும் மூடிய முஷ்டியாகவே கிடந்தது. தசை விறைப்பு (மூளையின் கட்டளை சரியாக எட்டாததால் தசை இறுகிக்கொள்வது) என்றார்கள். என் உற்சாகம் எந்த நாளில் போனது என்று சொல்ல முடியவில்லை. உம்மா ஊட்டினால் வாயைத் திறப்பேன். இல்லையென்றால் பின்கட்டில் தனியாக, இடது கையில் ஸ்பூன். பட்டியலில் மட்டும் டிக் தவறவில்லை. செய்யாத பயிற்சிக்கும் போட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் என் சிநேகிதி ஜொஹரா அவள் தங்கை கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். எங்கள் பக்கம் கல்யாண விருந்து சஹனில்தான் (நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு). நானும் ஜொஹராவும் இன்னும் இரண்டு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே சஹன்.

"நான் வரல. இந்தக் கையோட எப்படி உக்கார்றது?"

"சரி. ஒன் பங்குக் கறி எங்களுக்கு மிச்சம்," என்றவள் சுவரைப் பார்த்தாள். "இன்னும் மத்தியான லுஹருக்கே பாங்கு சொல்லல. அந்தி மஃரிபுப் பயிற்சிக்கு எப்புடி டிக் விழுந்துச்சு? நாளைக்கும் சேத்துப் போட்டுரு புள்ள, வேலை மிச்சம்."

நோய் வந்தபின் அன்றுதான் சிரித்தேன். "மூஞ்சி ஒரு பக்கந்தான் சிரிக்கிது," என்றேன்.

"மத்த பக்கம் பெறகு வரும்."

அடுப்படிக்குப் போய் ஒரே தட்டில் சோறும் மீன் ஆணமும் (குழம்பு) போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஆனால் கை வைக்கவில்லை. சஹனில் மூத்தவர்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

"நீ எனக்கு நாலு மாசம் மூத்தவ. நீ தொடாம நான் எப்புடித் திங்கிறது?"

"அந்த ஸ்பூன எடு."

"ஸ்பூனுக்கு என்ன வயசு? அது எனக்கு மூத்ததா?"

அவள் வயிறு இரைந்தது. இருவருக்கும் கேட்டது. தோளைத் தள்ளி, உடம்பைச் சாய்த்து, முஷ்டியைத் தட்டு வரை கொண்டுபோனேன். விரல்முட்டி சோற்றில் பட்டது.

"போதும்," என்று அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

மறுநாளும் மதியம் வந்தாள். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்து, "தொட்டாப் போதாது, ஒரு வாய் எடுக்கணும்," என்றாள். முடியவில்லை. ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். பிற்பகல் அஸர் பாங்கு வரை உட்கார்ந்திருந்து, சாப்பிடாமலே எழுந்து போனாள்.

"வாரேன்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் அவள் வருவதற்குள் பதினான்கு பயிற்சிகளையும் இரண்டு தடவை செய்தேன். டிக் போட மறந்துவிட்டது. அன்று மூன்று பருக்கைகள் என் வாய்க்கு வந்தன. எண்ணினேன், பழக்கதோஷம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "முயற்சி செய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்காகக் கொஞ்சம் பசியோடு காத்திருங்கள்.

கல்யாணத்தன்று சஹன் மூடியைத் திறந்ததும், நால்வரில் மூத்தவள் என்பதால் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கை கிளம்பியது. முதல் பிடி வழியிலேயே சிந்தியது. பக்கத்துச் சஹனுக்கு மறுசோறு வந்துவிட்டது.

"லாத்தா, கறி ஆறுது," என்றாள் ஜொஹரா, என்னை அக்காவாக்கி, என்றுமில்லாத மரியாதையோடு.

இரண்டாவது பிடி வாய்க்கு வந்தது. அதை நான் மெல்வதற்குள் என் பங்குக் கறியில் பாதியைக் காணவில்லை.

மருந்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். கத்தரிக்கோல் இப்போது இடது கையில். முன்பெல்லாம் என் கை எனக்கு முன்னால் ஓடும். இப்போது ஒன்றை எடுக்க நினைத்த பிறகு, கை கிளம்ப ஒரு கணம் ஆகிறது. அந்தக் கணம் எனக்கு வீணாகத் தோன்றுவதில்லை. என் வலது கை இப்போது என்னைவிட மூத்தவள். அவள் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.