என் பெயரில் ஓர் இசைக்குழு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் நடந்தது இது. நாங்கள் குடியிருப்பது திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எந்நேரமும் வரிசை கட்டி நிற்கும். ஹாரன் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய வீடு எங்களுடையது. ஆனால் ஒரே ஒரு சத்தம் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. எதிர் வீட்டு மொட்டை மாடி ஷெட்டில் ஐந்து பேர் சேர்ந்துகொண்டு அடிக்கும் இரும்புச் சத்தம்.

அது ஏன் ஆகாது என்று புரிய வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். இரும்பை உருக்கி வண்டிப் பாகங்கள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பரிசோதனை என்றதும் பெரிய மெஷின் எல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொக்கியில் தொங்கும் வார்ப்பை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பதுதான் வேலை. நல்ல வார்ப்பு ‘ணங்...’ என்று நீளமாகப் பேசும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் ‘டொக்’ என்று வாயை மூடிக்கொள்ளும். அதன்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிட வேண்டும். நல்லதற்கு ஒன்றும் போடுவதில்லை, அது பாட்டுக்குப் போய்விடும். இப்படி ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில் தட்டுகிறேன். அப்படியும் என் சூப்பர்வைசர் நான் ஒதுக்கியதையெல்லாம் இன்னொரு முறை தட்டிப் பார்ப்பார். ஒரு பொம்பளையின் காதை நம்ப அவருக்கு இன்னும் மனசு வரவில்லை.

காலை ஆறு மணி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் தலை சாய்ப்பேன். அதே மூன்று மணிக்கு எதிர் மாடியில் ஆரம்பிப்பார்கள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், பாடுகிற பெண் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறாள், மற்றவர்களும் அப்படித்தான். எல்லோரும் இருபத்தைந்தைத் தாண்டியவர்கள். கானா பாட்டுக்கு மேளம் வைத்துக்கொண்டால் யார் வேண்டாம் என்றது? இவர்களோ பழைய லாரி பிரேக் டிரம், இரும்புத் தகடு என்று காயலான் கடைச் சரக்கைச் சட்டத்தில் தொங்கவிட்டு அடித்தார்கள். எட்டு மணி நேரம் இரும்பைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு மறுபடியும் இரும்பு!

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மறைக்கவில்லை. பால்கனியில் நின்று கத்தாத நாள் கிடையாது. நான் கத்தினால் அந்தப் பக்கம் கப்சிப். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஆரம்பிப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிறகு எப்படியோ அந்தச் சத்தத்திலும் எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. சரி, காது மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு நாள் தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப் சுவரில் அந்த போஸ்டரைப் பார்த்தேன். ராயபுரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு இசை நிகழ்ச்சி. கீழே எதிர் மாடி ஐந்து பேரின் முகங்கள். மேலே, குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முழு அகலத்துக்கு என் பெயர்! பின்னால் ‘அக்கா’ என்று ஒரு ஒட்டு. பக்கத்தில் சின்னச் சுத்தியல் பிடித்த ஒரு கை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கதையில் வில்லங்கமே அதுதான்.

மறுநாள் ஃபவுண்டரிக்குள் நுழைந்ததுமே, "இன்னா மே, வேலைய வுட்டுட்டு கச்சேரிக்குப் பூட்டியாமே!" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் பிரிவு முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு போனார். இருபது வருடமாக வாயைக் கொடுத்தாலும் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தவள் நான். கத்துகிற பொம்பளையைக் கேலி செய்ய ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. உடம்பெல்லாம் எரிந்தது.

மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர், "வுடு மே, நேரா போயி இன்னான்னு கேளேன்" என்றார். நான் கேட்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என் அனுமதியில்லாமல் என் பெயரைப் போட்டு என்னைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட ஏட்டம்மா, "என்னைக்குக் கூப்பிட்டா அஞ்சு பேரும் வருவாங்க?" என்று கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று சொன்னேன். நிகழ்ச்சி அன்றைக்குத்தான் என்று தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஐந்து பேரும் வந்து நின்றார்கள். வாசலில் லோடு ஆட்டோவில் அவர்களுடைய இரும்பெல்லாம் கட்டி நின்றது. மினுமினுக்கும் சட்டையோடு போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும் அவர்களைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் திருப்தியாகவே இருந்தது.

"ஊர்ல வேற பேரே கெடைக்கலையா? குடும்பப் பொம்பளை பேர எதுக்கு இழுத்தீங்க?" என்று ஏட்டம்மா அதட்டினார்.

பாடுகிற பெண்தான் பதில் சொன்னாள். "கிண்டல் இல்ல மேடம். நாங்க ஆரம்பிச்சப்ப தெருவே நிறுத்து நிறுத்துன்னு கத்துச்சு. அக்கா மட்டுந்தான் எது சரியில்லன்னு கத்துனாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன் போனை மேஜைமேல் வைத்து அழுத்தினாள். தினமும் பழகுவதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இரும்புச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் என் பால்கனிக் குரல் கணீரென்று வந்தது. "டேய்! சோத்தாங்கை பக்கம் ரெண்டாவது தொங்குதே, அது செத்துப்போச்சுடா! கயட்டிப் போடு!" என் காதிலேயே நாராசமாக இருந்தது. ஏட்டம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடுத்த பதிவில் அந்த ‘டொக்’ இல்லை. இன்னொன்றில் நான் கத்துகிறேன்: "கம்பில இறுக்கிக் கட்டாதீங்கடா, அதுக்கு மூச்சு முட்டுது! கயித்துல கட்டு!" அடுத்ததில் எல்லாம் கயிற்றில் தொங்கி நீளமாகப் பேசுகின்றன. இப்படியே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டியதையெல்லாம் அவர்கள் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார்கள். மாற்றியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வந்தது காது மரத்ததால் அல்ல, சத்தம் சரியாகிவிட்டதால்.

"பேரு வைக்கணும்னு குந்துனோம்," என்றார் ஷேர் ஆட்டோக்காரர். "எங்க அஞ்சு பேர்ல யார் பேர வெச்சாலும் மத்த நாலு பேருக்குக் காண்டாவுது. அதான் வாசிக்காதவங்க பேரா வெச்சுட்டோம். உன்னாண்ட கேட்டிருந்தா நீ சுத்தியலோட வந்திருப்பக்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபது வருடமாக நான் கேட்பதை இன்னொரு முறை தட்டிப் பார்த்துச் சரிபார்க்கிற உலகத்தில், ஐந்து பேர் நான் கத்தியதை அப்படியே நம்பியிருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கிறேன்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் பார்க்காமல் முடியாது, பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்றார் ஏட்டம்மா. ஐந்தே முக்கால் ஆனது. ராயபுரத்திலிருந்து போன் மேல் போன். ஏழு மணிக்கு மேடையில் இல்லாவிட்டால் அடுத்த குழுவை ஏற்றிவிடுவார்களாம். ஒரு வருடமாக அலைந்து கிடைத்த முதல் மேடை. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஆறு பத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘நான் தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் ஆயுசில் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதியதில்லை. வெளியே வந்ததும் யாரையும் கேட்காமல் லோடு ஆட்டோவின் பின்னால் ஏறி இரும்புக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். நேரமாகிவிட்டால் தப்பு என்னுடையது என்று ராயபுரத்தில் ஒரு ஆளாவது சொல்ல வேண்டுமே.

வழி நெடுக டிரெய்லர் லாரிகள். சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார்கள். தண்டையார்பேட்டை தாண்டும்போது குறுக்கே ஒரு பைக் வர, போட்ட பிரேக்கில் சட்டம் சரிந்து நாலைந்து பிரேக் டிரம் ‘தடால்’ என்று விழுந்தது. வார்ப்பிரும்பு பார்க்கத்தான் முரடு, விழுந்தால் தாங்காது. என் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது.

மேடைக்குப் பின்னால் போய் நின்றபோது ஏழுக்கு ஐந்து நிமிடம். அவசரமாகச் சட்டத்தில் எல்லாவற்றையும் மாட்டினார்கள். எதிலும் விரிசல் தெரியவில்லை, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். தட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. நான் லோடு ஆட்டோ டிரைவரிடம் ஒரு ஸ்பேனரை வாங்கி, வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். மொத்தம் பதினொன்று. ணங், ணங், ணங். எட்டாவது ‘டொக்’. சாக்பீஸ் இல்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினேன்.

"இத்த தொடாத. வேற எதையாச்சும் வெச்சு சமாளி," என்றேன்.

அதை அடிப்பவர் ஒரு நொடி அந்தப் பொட்டைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தானும் ஒருமுறை தட்டிப் பார்க்கவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடை ஏறினார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன். மைக்கில் குழுவின் பெயரைச் சொன்னார்கள். என் பெயர் ராயபுரம் முழுக்க எதிரொலித்த மாதிரி இருந்தது. பிறகு முதல் அடி விழுந்தது. அதை எப்படிச் சொல்வது? தினமும் என் கையால் தட்டி, நல்லது என்று தெரிந்ததும் மறந்துவிடுகிற அதே ஒலி. அடுத்ததைத் தட்டும் அவசரத்தில் எதையும் முழுசாகக் கேட்டதே இல்லை. அங்கே பத்து இரும்பு ஒன்றோடொன்று பேசியது, அதன்மேல் அந்தப் பெண்ணின் குரல் ஏறியது. கூட்டம் மூச்சு விடாமல் நின்றது. இரும்புக்குள் இவ்வளவு இருக்கிறதா? இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் நான் கேட்கவில்லையே!

பாட்டு முடிந்ததும் கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் என் தோளைத் தட்டி, மேடையைக் காட்டினாள். "அதோ பாடுது பாரு, அதாங்கா அந்த அக்கா. இன்னா தொண்டை!"

"ஆமாம்மா" என்றேன்.

"உன் பேரு இன்னாக்கா?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "உனக்கும் அதே பேரா! குடுத்து வெச்சவ நீ!"

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை. எனக்குத் தாளமும் தெரியாது, பாட்டும் தெரியாது. அந்தக் குழுவில் நான் கிடையாது, என்றைக்கும் இருக்கப்போவதும் இல்லை. பெயர் மட்டும் அவர்களிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது பல ஊர்களுக்குப் போகிறார்கள். நான் ஒருநாளும் போகாத ஊர்களில் என் பெயருக்குக் கை தட்டுகிறார்களாம்.

என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று ஸ்டேஷன் படி ஏறியவள் நான். இன்றைக்கு யார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், அந்த ஐந்து பேர் நம்பிய அளவுக்கு நான் நல்லவள்தானா என்று ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.