தண்ணீர் குடித்த சுவர்

அணா போய் நயா பைசா வந்த புதிது. உத்திரமேரூர் நெல் மண்டி ஒன்றில் மூட்டை நிறுக்கும் வேலை எனக்கு. ஊர் ஊராய் வாடகைக்கு இருந்தது போதும் என்று, ஒரு பங்குனியில் பெரிய ஏரிக்குக் கீழே, கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஓட்டு வீடு ஒன்றை வாங்கினேன். பழைய தெரு. மதியத்தில் காக்கை கத்தினால் யார் வீட்டு முருங்கையில் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அமைதி. பின்கட்டில் துவைக்கிற கல்லில்கூட ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. எந்த ராஜா எதற்கு வெட்டினானோ, என் மனைவி அதன்மேல்தான் என் வேட்டியை அடித்துத் துவைத்தாள்.

வாங்கும் முன் விசாரிக்காமல் இல்லை. எதிர்வீட்டில் மாடு வைத்துப் பால் விற்கிற அம்மாளைக் கேட்டேன். "வூட்டுக்கு இன்னா, நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, அவசரமாய் மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள். குடிவந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"விக்கிற வூட்டுக்கு நொட்ட சொன்னா, அந்த நொட்ட சொன்னவ வூட்டுக்கு வந்து குந்திக்கும்பா. அதான் கம்முனு இருந்துட்டேன். ஏரி ரொம்பட்டும், அப்பறம் பாரு."

நான் சிரித்தேன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் மண்டிக்கு வருகிற ஜனங்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டது. இந்த வாக்கும் நன்றாயிருக்கிறதே என்று ரசித்தேனே தவிர, ஏரி நிறைந்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. பங்குனி வெயிலில் ஏரி பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.

குடிவந்த சூட்டிலேயே மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்தது. இதற்கு முன் இரண்டு பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. கூரத்தில் அவள் தாய்வீட்டில்தான் இரண்டு பிரசவமும் நடந்தன. அதனால் இந்தத் தடவை அந்த வாசற்படியே வேண்டாம் என்று முடிவாகி, என் மாமியார் மூட்டை முடிச்சோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்ததும் சட்டம் போட்டார்.

"மாப்ள, இனிமே இந்த வூட்ல ஆணி அடிக்கக் கூடாது, பள்ளம் தோண்டக் கூடாது, இட்ச்சிக் கட்டக் கூடாது. அவள வேற வூட்ல படுக்க வெக்கவும் கூடாது. புள்ள பொறக்கங்காட்டியும் வூடும் அவளும் ஒண்ணு. வூட்ல கடப்பாறை எறங்குனா அவ வவுத்துல எறங்குன மாதிரி."

இரண்டைப் புதைத்த குடும்பத்தில் இதற்கு யார் மறுத்துப் பேசுவது? தலையாட்டினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் உப்புப் பானை அழுதது. பிறகு பாய்க்கடியில் பூசணம் பூத்தது. ஏரிப் பக்கத்துச் சுவர் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது. மற்ற மூன்றும் செங்கல், இது மண்சுவர், வீட்டின் நீளத்துக்கும் ஓடுகிறது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்த இடத்தில் விரல் வைத்தேன். விரல் உள்ளே போயிற்று.

பால்கார அம்மாள் வந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆரம்பிச்சிடுச்சா? ஏரில தண்ணி ஏற ஏற இது அடிலேர்ந்து தண்ணி குடிக்கும். போன பெரிய மழைக்கு அப்படியே உக்காந்துச்சு. உனக்கு வித்த ஆளு மண்ண அப்பி நிக்க வெச்சு, சுண்ணாம்பு பூசி, உன் தலைல கட்டிட்டுப் போய்ட்டான்."

மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "வெளிப்பக்கம் பள்ளம் எடுத்து பனங்கட்டைல முட்டு குடுக்கணும். அடிய வெட்டிக் கல்லு வெக்கணும். இன்னிக்கே ஆரம்பிச்சாத்தான் ஆச்சு. சொவரு இருந்தாத்தானே சித்திரம்?"

உள்ளேயிருந்து மாமியார் வந்து நடுவாசலில் நின்றார். "எங்க வூட்டுச் சித்திரம் உள்ள படுத்துனு கீது மேஸ்திரி. ஒம்போதாம் மாசம்."

மேஸ்திரி கரணையைப் பைக்குள் போட்டுவிட்டார். "மொதல்லயே சொல்றதில்லியா நைனா? புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல நான் கை வெக்க மாட்டேன். கூலி எவன்கிட்டயும் வாங்கிக்கலாம், பாவத்த எங்க போய் எறக்கி வெக்கிறது?"

"எதிர்வீட்டிலாவது படுக்க வைக்கலாமே அத்தை" என்று மாமியாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "மூணாவதையும் குடுக்கணுமா மாப்ள?" என்றார்.

அப்புறம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மழைத் தண்ணீர் தகரத்தில் விழுகிற சத்தத்துக்கே திடுக்கிட்டோம். கறுப்பு இடுப்புக்கு ஏறியது, மார்புக்கு ஏறியது. கார்த்திகையில் ஒரு காலை மண்டிக்கு ஆள் ஓடிவந்து, ஏரி கோடி போகிறது என்றான். அதாவது நிறைந்து கலங்கல் வழியாக வழிகிறது. மண்டியில் ஒரே கும்மாளம், அடுத்த போகம் நிச்சயம் என்று. கற்பூரமும் பூவும் எடுத்துக்கொண்டு ஊரே கரைக்கு ஓடியது. நான் மட்டும் தராசை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

சுவர் நடுவில் உப்பித் வெளிப்பக்கமாய்த் தள்ளிக்கொண்டு நின்றது. மனைவி அதையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"பாத்தீங்களா? இதுவும் என்ன மாதிரியே வவுத்தத் தள்ளிக்கினு நிக்கிது. யாருக்கு மொதல்ல ஆவுதோ!"

"வாயக் கழுவுடி" என்று மாமியார் அவள் தலையில் குட்டினார். குட்டிய கையாலேயே அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியமே வலி கண்டது. மருத்துவச்சி வந்து கதவைச் சாத்தினாள். நான் வெளியே மழையில், சுவரில் முதுகைக் கொடுத்து நின்றேன். கூரையைச் சுமக்கிற சுவரை ஒருவன் முதுகு தாங்குமா? புத்திக்குத் தெரிகிறது, கால் நகர மறுக்கிறது. சட்டைக்குள் சேறு வழிந்தது. உள்ளே அவள் கத்தும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஏதோ மெல்ல இளகிக் கொடுத்தது.

குழந்தை அழுதது. பெண். மாமியார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "கூப்டு மாப்ள மேஸ்திரிய. இப்ப இன்னா வேணா பண்ணச் சொல்லு."

மேஸ்திரி வந்து சுவரைத் தொடவேயில்லை. தூரத்திலிருந்து பார்த்தார். "இனிமே இதுல எனக்கு வேல இல்ல. கட்டிலோட தூக்குங்க!" நானும் அவருமாய்த் தாயையும் பிள்ளையையும் கட்டிலோடு தூக்கி எதிர்வீட்டில் இறக்கினோம். திரும்பிப் பார்த்தால் மாமியாரைக் காணோம்.

நஞ்சுக்கொடியைப் பிறந்த மனையில்தான் புதைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாய் நரி இழுத்தால் பிள்ளைக்கு ஆகாது. மாமியார் அந்தக் கொடிச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, களைக்கொட்டால் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார், அந்தச் சுவரின் காலடியில். மற்ற இடமெல்லாம் தண்ணீர் நின்றது. அங்கேதான் கொஞ்சம் மேடு.

"அத்தை, வந்துடுங்க!"

"இரு மாப்ள, ஆச்சு. மண்ணு தள்ளிட்டு வந்துட்றேன்."

சுவர் இடிந்து விழவில்லை. பாரம் இழுத்த மாடு முட்டி போடுவதுபோல் மெதுவாக உட்கார்ந்தது. சத்தம்கூட அதிகமில்லை. பிறகு ஓடுகள் சரிகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது. வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து, கோலோடு நடந்து வந்தார். சுவரை அதற்குள் கல் வைத்துக் கட்டிவிட்டோம். அதே வீட்டில்தான் இருந்தோம். வாங்கிய வீட்டை விட்டு எங்கே போவது? மகளுக்கு நடக்க வந்தது, பேச வந்தது. "வூடு ஒண்ணு கேட்டுது, என் கால வாங்கிக்கினு கொழந்தய உட்டுச்சு" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏரி கோடி போகிற வருஷங்களில் பேத்தியை மடியை விட்டு இறக்கமாட்டார். "கால் வலிக்குமே, இறக்கி விடுங்க அத்தை" என்றால், புதுச் சுவரைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"சும்மா இரு மாப்ள. அதுக்குப் பசி தீந்துச்சின்னு உன்கிட்ட யாரு சொன்னா?"