முனிரத்தினம் சார் இழுக்காத கயிறு

ஆகஸ்ட் பிறக்க மூன்று நாள் இருந்தது. காலை ஷிப்டுக்கு வரிசையில் நின்றபோது செக்யூரிட்டி வந்து சொன்னார். பயிற்சிப் பிரிவு முனிரத்தினம் சார், ஓசூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார். மாரடைப்பு. முந்தைய நாள் மாலைதான் என்னிடம் நாளை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூளகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். இளவயதில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே குடியுரிமை பெற்றவர். எங்கள் தொழிற்சாலை தொடங்கியபோது பயிற்சி கொடுக்க மனைவி ருக்மணி அம்மாவுடன் திரும்பி வந்தார். அளவு ஒரு நூல் பிசகினாலும் உதிரிபாகத்தைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார். எவ்வளவு கெஞ்சினாலும் திரும்ப எடுக்கமாட்டார்.

ஆலையின் முதல் சுதந்திர தினத்தன்று, மூத்தவர் என்று அவரைக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டார்.

"அந்த ஊர் கொடி முன்னாடி சத்தியம் பண்ணிட்டன். இப்ப இந்தக் கயித்தையும் இழுத்தா ரெண்டுமே பொய்யாயிடும்" என்றார்.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகப் போய், கொடி மேலே சேரும்வரை விறைப்பாக நின்றார். பிறகு எல்லோரையும் போல லட்டு வாங்கிக்கொண்டார். நான் மதுரைப் பக்கத்து ஆள், வாய் சும்மா இருக்காது. "பொறந்த மண்ண வித்துட்டு லட்டுக்கு மட்டும் கை நீட்டுறாரு" என்று கேன்டீனில் அவர் காதுபடவே சொன்னேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

வெளிநாட்டுக் குடிமகன் என்பதால், இங்கே தங்கியிருப்பதைப் பதிய அவர் கிருஷ்ணகிரி போலீஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டும். ஒருமுறை என் பைக்கில் அழைத்துப்போனேன். சொந்த ஊர் சூளகிரி என்றதும் ஏட்டு சிரித்துவிட்டார். உங்களை யார் கேட்கப்போகிறார்கள், பேசாமல் வீட்டில் இருக்கலாமே என்றார்.

"நீங்க கேக்க மாட்டீங்க சார். நான் யாருன்னு எனக்குத் தெரியுமில்ல" என்றார் இவர்.

திரும்பும் வழியில் சூளகிரியில் டீ குடித்தோம். இந்தியக் குடியுரிமைக்கு மறுபடி மனுப் போட்டிருப்பதாக அங்கேதான் சொன்னார். "அது வந்துட்டா அந்த ஆகஸ்ட்ல கயித்த நான் இழுக்கறன். லட்டு நீ குடு" என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. நான் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாகியும் பதில் வரவில்லை. அவர்தான் போய்விட்டார்.

மருத்துவமனையில் படிவத்தை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. குடியுரிமை என்ற கட்டத்தில் சிங்கப்பூர் என்று எழுதினால், தூதரகக் கடிதம் வரும்வரை உடலைத் தரமுடியாது என்றார் எழுத்தர். உள்ளூர்க்காரர்தானே, இந்தியர் என்று எழுதுங்கள், மதியமே எடுத்துப்போகலாம் என்று இரக்கத்தோடுதான் சொன்னார். சூளகிரியில் அப்பாவின் சமாதிக்குப் பக்கத்தில் குழி வெட்டித் தயாராக இருந்தது. உறவினர்கள் எல்லோரும் எழுது, எழுது என்றார்கள். அவர் ஆசைப்பட்டதும் அதுதானே என்று எனக்கும் தோன்றியது. ருக்மணி அம்மாவைப் பார்த்தேன்.

"கவர்மெண்ட்டு குடுக்காதத நாமளா எடுத்துக்க வேணாம் தம்பி. அவரு இருந்தா என்ன எழுதுவாரோ அதையே எழுதுங்க."

சிங்கப்பூர் என்று எழுதினேன்.

இரண்டு நாள் பிணவறையில் கிடந்தார். சூளகிரியில் மழை பிடித்து, வெட்டிய குழி நிரம்பிவிட்டது. என்னைத் திட்டிக்கொண்டே உறவினர்கள் வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். நானும் இறைத்தேன். மூன்றாம் நாள், பிறந்த ஊரின் சேற்றில் அவரை இறக்கினோம்.

நேற்று சுதந்திர தினம். ஆலையில் கொடியேற்றினார்கள். சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில், அவர் நிற்கும் இடத்தில் நான் நின்றேன். லட்டுத் தட்டு என் முன்னால் வந்தது. கை நீளவில்லை.

போய் வாருங்கள், சார். அன்று கேன்டீனில் நான் சொன்னது பொய்.