தொடை இடுக்குக் காந்தல்

எனக்குத் தொடை ரெண்டும் பெருசு. வயசுக்கு வந்ததுலேருந்தே நடந்தா ஒண்ணோட ஒண்ணு உரசும். வெயில் காலத்துல வேர்வையும் சேர்ந்துட்டா தோல் செவந்து காந்தும். தேங்காயெண்ணெயத் தடவிப் படுத்தா காலையில கொஞ்சம் அடங்கிரும். இதையெல்லாம் ஒரு நோவுன்னு யாரும் யார்கிட்டயும் சொல்றதில்ல. நானும் சொன்னதில்ல, கட்டுனவருகிட்டகூட.

அவரு சவுதியில இருந்தாரு. என்ன வேலைன்னு கேட்டா, "எனக்கென்னடி, ஏசி ரூம்ல கணக்குப் பாக்குற வேல. ஒக்காந்து ஒக்காந்து தொடைதான் பெருத்துப் போச்சு, ஒன்னைய மாதிரி"ம்பாரு போன்ல. நானும் சிரிப்பேன். அங்கிட்டே ஒருநாள் தூக்கத்துல நெஞ்சு நின்னு போயிட்டாரு. ஆளக் கொண்டாந்து எறக்குனப்ப எனக்கு அழுகை வரல. மாரடிச்சு அழுத பொம்பளைங்க நடுவுல நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். கல்லுமாதிரி இருக்கா பாருன்னு பேசிக்கிட்டாங்க. காதுல விழுந்துச்சு. விழுந்தா என்ன.

எங்க பக்கம் போனவங்க துணிமணிய கருமாதியோட எடுத்துக் குடுத்துருவாங்க. அவரு வீட்ல விட்டுட்டுப் போன வேட்டி சட்டையெல்லாம் அப்படித்தான் போச்சு. ஆனா அங்க வச்சிருந்த சூட்கேஸ், கூடத் தங்கியிருந்த ஆளு லீவுல வந்தப்பதான் வந்துச்சு. அதுக்குள்ள கருமாதி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. வீட்டுக்குள்ள வச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு பேச்சு, சடங்கு முடிஞ்சதத் திரும்ப எடுக்கக் கூடாதுன்னு ஒரு பேச்சு. என்ன செய்யறதுன்னு யாருக்கும் தெரியல. கொழுந்தனார் அதப் பரண்ல ஏத்தி வச்சுட்டு வந்த வழியே போயிட்டாரு. நான் தொறக்கல.

மக திருச்சியில ஹாஸ்டல்ல படிக்கிறா. வீட்ல நான் ஒருத்திதான். உக்காந்தா உக்காந்தபடி இருப்பேன். பொழுது சாயறதும் தெரியாது, அடுப்புல வச்சது தீயறதும் தெரியாது. அப்பதான் கொசுப்புழு பாக்குற வேலைக்கு ஆள் எடுத்தாங்கன்னு போனேன். கறம்பக்குடியச் சுத்தி ஊர் ஊரா, வீடு வீடா ஏறி எறங்கணும். தொட்டி, டிரம்மு, ஆட்டுக்கல்லு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு, எல்லாத்துலயும் டார்ச்சடிச்சுப் பாத்து, மருந்து ஊத்தி, செவத்துல சாக்பீஸால தேதி போடணும். சேலைக்கு மேல ஒரு நீலக் கோட்டு வேற, வேர்வை காயவே காயாது. வேல புடிச்சிருந்துச்சான்னு கேட்டா சொல்லத் தெரியல. நடந்தா நாள் நகந்துச்சு. நடக்கறது நின்னா திரும்ப வீட்டுச் செவத்தப் பாத்துத்தான் உக்காரணும். அதுக்கு மட்டும் பயமா இருந்துச்சு.

சித்திரையில தொடை இடுக்கு பொரிப்பொரியா வெடிச்சுக்கிச்சு. பாவாடை பட்டாலே மொளகாப்பொடி தூவுனாப்புல காந்தும். மெடிக்கல்ல நின்ன பையன் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளை. அவன்கிட்டப் போயி தொடைன்னு எப்படிச் சொல்றது? "கையில படை வந்திருக்கு தம்பி"ன்னேன். அவன் படைக்குத் தடவுற களிம்பக் குடுத்தான். கைக்குக் குடுத்ததக் கொண்டுபோயித் தொடையில பூசுனா எப்படி இருக்கும்? ரெண்டு நாள் குளுகுளுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் தோல் உரிஞ்சு தண்ணி கோத்துக்கிச்சு. அப்பவும் விடாம பூசுனேன். என் புத்திய என்ன சொல்ல.

காலை அகட்டி அகட்டி நடந்தேன். கூட வர்ற பொண்ணு, "என்னக்கா, வாத்து கணக்கா நடக்குறீங்க?"ன்னு கேலி பண்ணுனா. சூப்பர்வைசர் கேலியெல்லாம் பண்ணல. "முடியலன்னா சொல்லிருங்கம்மா, வேற ஆளப் போட்டுக்கிறேன்"னாரு. அவரு மேல தப்பில்ல. எனக்குத்தான் வீட்டுச் செவரு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

அந்தப் பயத்துலதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்லவேளை, பொம்பளை டாக்டர். பாத்துட்டு, "இது படையே இல்லம்மா, உரசுன புண்ணு. அந்தக் களிம்பத் தூக்கிப் போடுங்க. அதுதான் தோலத் தின்னுருக்கு. எத்தனை நாளா இருக்கு?"ன்னாங்க. தெரியலன்னேன். நெசமாவே தெரியல. வழவழன்னு ஒரு வெள்ளை மருந்து எழுதுனாங்க. "கழுவி ஈரம் போக ஒத்தி எடுத்துட்டு இதத் தடவுங்க. ஆறுனதும் வேலைக்குப் போறப்ப பாவாடைக்குள்ள பட்டாபட்டி மாதிரி நீளமா ஒரு பருத்தி டிரவுசர் போட்டுக்கங்க. தொடையோட தொடை படக் கூடாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. மக விட்டுட்டுப் போன லெக்கின்ஸ இழுத்துப் பாத்தேன், முழங்காலுக்கு மேல ஏறல. கறம்பக்குடியில ஆம்பளை டிரவுசர் வாங்கப் போனா, ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எதுக்குன்னு நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள ஊரு பேசி முடிச்சிரும். அதனால பஸ் ஏறி புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி நல்ல மாதிரி. பட்டாபட்டி வேணும்னதும் அடுக்கி வச்சுட்டு, "அண்ணன் என்ன சைஸு போடுவாங்கக்கா?"ன்னான்.

சைஸு தெரியாமயில்ல. அண்ணன்னு ஒருத்தரு வீட்ல இருக்கற மாதிரியே கேட்டுட்டான். ஒரு கைத்துண்ட வாங்கிக்கிட்டுத் திரும்ப பஸ் ஏறிட்டேன். ஜன்னலோரம் உக்காந்து வந்தேன். வழியில என்னத்தப் பாத்தேன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகமில்ல.

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டுப் பரண்லேருந்து சூட்கேஸ எறக்குனேன். யோசிக்கல. யோசிச்சிருந்தா எறக்கியிருக்க மாட்டேன். துணியெல்லாம் தொவைச்சு மடிச்சு வச்சிருந்தாங்க, அவரு வாசனைகூட இல்ல. அடியில பட்டாபட்டி இருந்துச்சு. ஒண்ண எடுத்து விரிச்சேன்.

உள்தொடை படுற எடம் ரெண்டு பக்கமும் நைஞ்சு போயி, வேற துணி வச்சு ஒட்டுப் போட்டிருந்துச்சு. கையால தச்சது. கோணல்மாணலா ஓடுன தையல், ஆம்பளைக் கை. நூலு பச்சை நைலான் நூலு. கொத்தனாருங்க செவுரு நேரா வருதான்னு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டுவாங்களே, அந்த நூலு. அடுத்தத விரிச்சேன். அதுலயும் அதே எடத்துல ஒட்டு. எல்லாத்துலயும்.

ஏசி ரூம்ல உக்காந்திருக்கற ஆளுக்கு அந்த எடத்துல துணி நையாது. வெயில்ல நடந்தவளுக்கு அது தெரியாதா? இந்தக் காந்தலோடதான் கட்டடத்துல மேலயும் கீழயும் நடந்திருக்காரு. காந்தக் காந்த எனக்குப் போன் போட்டு, ஒக்காந்து தொடை பெருத்துப் போச்சுன்னு சொல்லிச் சிரிச்சிருக்காரு.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"ன்னு வாய்விட்டுக் கேட்டேன். கேட்டுட்டு அழுதேன். அவரக் கொண்டாந்து எறக்குன அன்னைக்கு வராத அழுகை, டிரவுசரக் கையில புடிச்சுக்கிட்டு அப்படி வந்துச்சு. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேக்கட்டும்னு இருந்தேன்.

அழுது ஓஞ்சதும் வெளக்கப் போட்டுக்கிட்டு உக்காந்து அந்த நைலான் நூலப் பிரிச்சேன். அது தோல்ல குத்தும், அவருக்கும் குத்தியிருக்கும். ஒட்டுத்துணிய எடுக்கல. அவரு வச்ச எடத்துலயே வச்சு, வெள்ளை நூல் போட்டுப் பொடித்தையலாத் தச்சேன்.

புண்ணு ஆறுனதும் அதப் போட்டுக்கிட்டு வேலைக்குக் கெளம்புனேன். இடுப்புல நாடாவ இறுக்கிக் கட்டுனதும் எனக்குச் சரியா இருந்துச்சு. கூட வர்ற பொண்ணுகிட்ட வழியில புண்ணு வந்த கதையச் சொன்னேன். நாலஞ்சு தெரு முடிச்சு ஒரு வீட்டு நெழல்ல ஒதுங்குனப்ப அவ, "இப்பக் காந்தலையாக்கா?"ன்னா.

"எனக்குக் காந்தலடி"ன்னேன்.