பாதியில் விட்டவர்கள் இருவர்

புதுச்சத்திரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் காளிதாஸ், உலகப் புகழ்பெற்ற ஒரு கணினி முதலாளியின் வாழ்க்கையைச் சொல்லிப் பிழைக்கப் பார்க்கிறவர். அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே காலமாகிவிட்ட அந்த மனிதருக்கு, நாமக்கல் பக்கத்தில் தம் பேரைச் சொல்லி ஒரு வீட்டில் அடுப்பு எரியப்போவது தெரிய நியாயமில்லை.

இந்தத் தொழில் அமைந்தது ஒரு விபத்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் புரொஜெக்டர் மாட்டப் போயிருந்தார். சிறப்பு விருந்தினர் வரவில்லை. மைக்கைச் சும்மா வைத்திருப்பது மேடைக்கு அழகல்ல என்று காளிதாஸைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவர் முழுசாகப் படித்திருந்தது ஒரே ஒரு புத்தகம், அந்த முதலாளியின் வாழ்க்கை. அதையே சொன்னார். கைதட்டல் விழுந்தது, கூடவே தோளில் ஒரு பொன்னாடையும் விழுந்தது. அன்று முதல் விழுந்துகொண்டே இருக்கிறது.

பொன்னாடைதான் பிரச்சினை. மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, ஸ்கூட்டருக்கு இரண்டு என்று போர்த்தியது போக பீரோ நிறையக் கிடந்தது. பிளவுஸ் தைத்துக் குடும்பத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த மனைவி சுகன்யா, அதில் ஒன்றை வெட்டித் தைத்துப் பார்த்தாள். ஜரிகை குத்தியது.

"போற எடத்துல எல்லாம் துணி குடுக்குறாங்க. ஒரு எடத்துலயாவது சம்பளம் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

சம்பளம் கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்று தட்டுப்பட்டது. நெடுஞ்சாலை ஓரத்து உறைவிடப் பள்ளி ஒன்றில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஊக்கம் ஊட்ட நிரந்தரமாக ஓர் ஆள் தேடினார்கள். மாதச் சம்பளம். ஒரு கூட்டம் பேசிக் காட்ட வேண்டும். தாளாளர் சின்னண்ணனுக்குப் பிடித்துவிட்டால் வேலை. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக 'ஒன்றாம் தேதி' என்ற சொல்லுக்கு அர்த்தம் பிறக்கவிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தாளாளர் தம் அறையில் காளிதாஸை உட்காரவைத்து, மோர் கொடுத்து, விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, அந்தாளு காலேஜைப் பாதியில உட்டுப்போட்டாராமா?"

"ஆமாங்க சார். அதுதான் கதையிலேயே முக்கியமான கட்டம்."

"அதை மட்டும் சொல்லிப்போடாதீங்க. பெத்தவங்க தோட்டத்தை அடமானம் வெச்சுக் கொண்டாந்து சேத்தியிருக்கறாங்க."

காளிதாஸ் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அவருக்கு இது புதிதல்ல. கோழிப் பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் ஒரு தடவை, முதலாளி பழமும் காய்கறியும் மட்டுமே தின்று காலம் தள்ளியதை உருக்கமாகச் சொல்லப் போக, முன்வரிசையில் முகங்கள் சுருங்கின. செயலாளர் தமிழரசு மேடைக்கே வந்து காதோரம், "எல்லாம் சரிங்க, முட்டை விசயத்துல மட்டும் மனுசன் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும்" என்றார். அன்றிலிருந்து காளிதாஸின் கூட்டங்களில் அந்த மேதை காலையில் அவித்த முட்டை இரண்டு சாப்பிடுகிறார். லாரி உரிமையாளர்கள் விழாவில், அவர் நம்பர் பிளேட் இல்லாமல் கார் ஓட்டியதை விழுங்க வேண்டியிருந்தது, ஆர்.டி.ஓ. மேடையில் இருந்தார். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சோபாக் கடைத் திறப்பு விழா. வீட்டில் நாற்காலிகூட இல்லாமல் தரையில் உட்கார்ந்து யோசித்த மகான், அன்று ஒருநாள் சோபாவில் உட்கார்ந்து யோசித்தார்.

இப்படி ஊருக்கு ஒரு கை வெட்டியதில் கடைசியாக மிஞ்சியது இவ்வளவுதான்: பிறந்தார், உழைத்தார், உயர்ந்தார். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டப்படும் எவருக்கும் பொருந்துகிற வாழ்க்கை. இருந்தும் காளிதாஸ் அதை முக்கால் மணி நேரத்துக்கு இழுக்கக் கற்றிருந்தார்.

கூட்டம் தொடங்கியது. எண்ணூறு பிள்ளைகள் தரையில் வரிசை பிசகாமல் உட்கார்ந்து, 'உழைப்பே உயர்வு' என்பதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, தூங்கவும் இல்லை. இரண்டுக்கும் அங்கே அனுமதி கிடையாது. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். வேலை முக்கால்வாசி கைக்கு வந்துவிட்டது என்று காளிதாஸுக்குத் தெரிந்தது.

"கேள்வி இருந்தாக் கேளுங்க சாமி" என்றார் தாளாளர், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்.

ஒரு கை உயர்ந்தது. ரெட்டை ஜடை, பதினோராம் வகுப்பு. கனிஷ்கா என்று பேர் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

"சார், அவரு ப்ளஸ் டூல எத்தன மார்க்குங்க?"

காளிதாஸ் ஏழு வருஷத்தில் இப்படியொரு கேள்வியைச் சந்தித்ததில்லை. "நல்ல மார்க்குதான் பாப்பா" என்று சமாளித்தார்.

"எந்தக் காலேஜுலீங்க சார் படிச்சு முடிச்சாரு?"

ஏதாவது ஒரு பேரைச் சொன்னால் முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் செல்போன் வைத்திருந்தவர் தாளாளர் ஒருவரே. அவரும் சரிபார்க்கப் போவதில்லை. அமெரிக்கக் கல்லூரிப் பேர் ஒன்று காளிதாஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண் பேனா மூடியைத் திறந்துகொண்டு சொன்னாள்:

"பேரு சொன்னீங்கன்னா எழுதிக்குவேன் சார். எங்கப்பாகிட்டச் சொன்னா எப்படியாச்சும் அங்கயே சேத்தி உட்டுருவாருங்க. மிச்சம் இன்னும் ஒரு ஏக்கரா இருக்குது."

முட்டை தின்னவைத்தவர், சோபாவில் உட்காரவைத்தவர், நாக்கு நுனிக்கு வந்த பேரைத் திருப்பி விழுங்கினார். அந்த ஒரு ஏக்கரையும் அடமானத்துக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"எந்தக் காலேஜும் முடிக்கல பாப்பா. பாதியில விட்டுட்டாரு."

எண்ணூறு பேனாவும் நின்றன. தாளாளர் இருமினார். அந்த இருமலில் ஒன்றாம் தேதி பறந்து போவதைக் காளிதாஸ் கண்ணால் பார்த்தார். சரி, போனது போகட்டும் என்று தோன்றியதும் வாய் தானாக அவிழ்ந்துகொண்டது.

"அவசரப்பட்டு நீங்களும் விட்டுறாதீங்க. நானும் ரெண்டாவது வருஷத்துல விட்டவன்தான். அவரு பாதியில விட்டு உலகத்தையே மாத்துனாரு. நான் பாதியில விட்டு, பஸ்ஸ மாத்தி மாத்தி இங்க வந்து சேந்திருக்கேன்."

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது. பிறகு கூடம் முழுக்கப் பரவியது. வார்டன் எழுந்து பார்த்தார். எண்ணூறு பேரில் யாரை முறைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"அவரு ஏன் விட்டாரு? படிப்பு அவருக்குப் பத்தல. நான் ஏன் விட்டேன்? கணக்குல மூணு அரியர். எங்கப்பா பெரியசாமி மரவள்ளிக் கிழங்கு போட்டுப் படிக்க வெச்சாரு. விட்டுட்டேன்னு சொன்னதும், 'கிழங்காச்சும் பத்து மாசத்துல வந்துருதுடா'ன்னாரு."

கெங்கவல்லியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தது, மூன்றே கம்ப்யூட்டருக்குப் பதினைந்து பேர் வரிசையில் நின்றது, கரண்ட் போன நேரத்தில் அட்டையில் விசைப்பலகை வரைந்து டைப்பிங் சொல்லிக்கொடுத்தது, கடைசியில் ஆளுக்கொரு செல்போன் வந்து சென்டரை மூடியது என்று எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகள் நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்கள். மணி அடித்ததுகூட யாருக்கும் காதில் விழவில்லை.

முடிந்ததும் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று காளிதாஸ் நின்றுகொண்டே இருந்தார். இந்தத் தடவை மோர் வரவில்லை.

"உக்காருங்க. ரெண்டு கதை சொன்னீங்க. மொதல் கதை நமக்கு ஆவாதுங்க. ரெண்டாவதுதான் வேணும்."

"சார்?"

"படிப்பை உட்டா என்ன ஆகும்னு பதினெட்டு வருசமா வாயிலயே சொல்லிட்டிருக்கறோம். ஆளைக் கண்ணுல காட்டுனதில்லீங்க. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை வாங்க. மாசமானா சம்பளம்."

காளிதாஸுக்குச் சந்தோஷப்படுவதா, எழுந்து போவதா என்று விளங்கவில்லை. அதற்குள் தாளாளர் தாளும் பேனாவும் எடுத்துவிட்டார்.

"சிரிச்சுட்டே சொல்றீங்களே, அது வேண்டாமுங்க. பாக்கறவங்களுக்கு நீங்க நல்லா இருக்கறாப்புல தெரியுது. ஸ்கூட்டர் கீட்டர் இருந்தாலும் கேட்டுக்கு வெளிய நிறுத்திப்போட்டு நடந்து வாங்க."

"சரிங்க சார்."

"அப்பறம் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரு. அதை எடுத்துருவோம்."

அடுத்தவர் வாழ்க்கையைக் கேட்ட இடத்திலெல்லாம் வெட்டிக் கொடுத்த காளிதாஸுக்கு, வெட்டினால் வலிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அது முடியாதுங்க சார்."

"ஏனுங்க?"

"ஒம்பது வருஷம் நடத்துனேன். எங்க ஊர்ல மொத தடவை மவுஸ் பிடிச்ச கையில பாதி நான் பிடிச்சுக் காட்டுன கை. சிரிக்க வேணாம்னா சிரிக்கல. நடந்து வரேன். சென்டரை எடுக்கணும்னா வேற ஆளப் பாருங்க."

தாளாளர் பேனாவை உதட்டில் தட்டி யோசித்தார்.

"கடைசீல மூடிட்டீங்கல்லோ?"

"மூடிட்டேன்."

"அப்ப இருக்கட்டுமுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் சுகன்யாவுக்குப் போன் செய்தார். தையல் மிஷின் சத்தம் நின்றது.

"வேலை கெடச்சுதா?"

"கெடச்சுது."

"வாத்தியார் வேலையா?"

"இல்ல. வாத்தியாருங்க எல்லாம் அங்க இருக்காங்க. நான் பாடம்."

"என்ன பாடம்?"

அவர் சொன்னார். அந்தப் பக்கம் விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. அழுகிறாளோ என்று காளிதாஸ் பயந்துவிட்டார். பிறகுதான் சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிந்தது.

"அதுல நான் வரேனா?"

"உன்னைச் சொன்னா நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுருமே."

"சரி சரி, சொல்லாதீங்க" என்றாள் சுகன்யா. "வர்றப்ப அரைக் கிலோ ஜிலேபி வாங்கிட்டு வாங்க. பள்ளிக்கூடத்துக்காரங்க யாரும் பாக்காத கடையா பாத்து வாங்குங்க."