ம் கொட்டிய கூட்டம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிலத்துறையில் இருபத்தாறு வருடமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவள். பேசியதை டேப் ரெக்கார்டர் மாதிரி ஓர் எழுத்துக் குறையாமல் பிடித்துவிடுவாள். தும்மல்கூடத் தப்பாது. ஒருமுறை பதிவேட்டில் "அதிகாரி தும்மினார்" என்று வந்துவிட, அப்போதிருந்த அதிகாரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "தும்மினீங்களே சார்" என்றாள் அவள். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்?

அவளுக்கு வாய்த்த புருஷனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். "குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்க" என்றால் "ம்" என்பார். நான்கு மாதமாகக் குழாய் ஒழுகுகிறது. ம் என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம், செய்கிறேன் என்று அர்த்தமில்லை. கல்யாணமான மறுவாரமே அவளுக்கு இது விளங்கிவிட்டது.

அந்த வட்டாரத்தில் ஒரு மலைக்காடு இருந்தது. கோப்பில் அதன் பெயர் 'பயன்பாடற்ற நிலம்'. அந்தப் பயன்பாடற்ற நிலத்தில்தான் நாற்பத்து மூன்று குடும்பங்கள் தேனெடுத்து, கிழங்கு தோண்டி, செத்தவர்களைப் புதைத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தன. அலுவலகக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் கோப்பின்படி காட்டில் இருந்தவர்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள். காட்டை மொட்டையடித்து எண்ணெய்ப்பனை நட ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. குடியிருப்பவர்கள் சம்மதித்தால் மட்டுமே கொடுக்கலாம் என்பது சட்டம். சம்மதம் வாங்க அவர்கள் குடியிருப்பிலேயே கூட்டம் போட்டார்கள்.

இப்போதைய அதிகாரி ஒன்றரை மணி நேரம் பேசினார். பனை வரும், சாலை வரும், வேலை வரும். அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் கூட்டம் "ம்" கொட்டியது. வீடு தேடி வந்தவர் தொண்டை வறளப் பேசும்போது ம் கொட்டாமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பது மரியாதையா? டேப்பக்கா அத்தனை ம்மையும் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரி சொல்லச் சொல்லக் கூட்ட அறிக்கையை டைப் அடித்தாள். "கூட்டத்தினர் ஏகமனதாகச் சம்மதம் தெரிவித்தனர்."

அவள் கை நின்றது. "சார், அவங்க ம்னுதானே சொன்னாங்க?"

"ம்னா சரின்னுதாம்மா அர்த்தம். உங்க வீட்ல எப்படி?"

"எங்க வீட்ல குழாய் இன்னும் ஒழுகுது சார்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "டைப் பண்ணுங்கம்மா" என்றார். பண்ணினாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். இந்த நேரத்தில் வம்பை விலைக்கு வாங்குவானேன்? ஆனால் அன்று ராத்திரி முழுக்க, பாவி, உன் கையாலேயே காட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள், மலைக்குடித் தலைவி காலி பண்ணச் சொல்லும் நோட்டீஸோடு அலுவலகத்துக்கு வந்தாள். கிட்டத்தட்ட டேப்பக்காவின் வயதுதான் இருக்கும். "நாங்க எப்பம்மா சரின்னு சொன்னோம்? நீதானே பக்கத்துல உக்காந்து எழுதின?"

டேப்பக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். "மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க. அன்னைக்கு எழுதின சுருக்கெழுத்து நோட்டைக் கேளுங்க. கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும்."

கேட்டார்கள், கொடுத்தாள். அதில் ம் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை இருந்தது. சம்மதம் என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. மேலிடம் அதிகாரியை வறுத்தெடுத்துவிட்டு, கூட்டத்தை மறுபடி நடத்தச் சொன்னது. இந்த முறை பேசுவதை அங்கேயே, பதிவேட்டில், எல்லோருக்கும் புரியும் முழு எழுத்தில் எழுத வேண்டும். டேப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தலைவியிடம் ஒரு யோசனையும் சொல்லி வைத்தாள். "இந்தத் தடவை மறந்தும் ம் கொட்டிடாதீங்க."

கூட்டம் அடிவாரப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முகத்தில் இடிக்க நாற்பத்து மூன்று பேர், வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மறுபடி பனையில் தொடங்கி வேலையில் முடித்தார். ஒரு சத்தம் இல்லை. சொன்ன சொல் தவறாத மக்கள், இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்கள்.

அதிகாரி சிரித்தார். "ஒருத்தரும் மறுக்கல பாத்தீங்களா? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. அப்படியே எழுதுங்கம்மா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. வாயை மூடச் சொன்னவளே டேப்பக்காதான். இருபத்தாறு வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை. எழுந்து நின்றாள்.

"காதுல விழுந்ததைத்தான் சார் எழுத முடியும். மௌனம் என் காதுல விழல." பெஞ்சுகள் பக்கம் திரும்பினாள். "நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க. என்ன சொன்னாலும் எழுதறேன்."

தலைவி எழுந்தாள். "காட்டைத் தர மாட்டோம்."

எழுதினாள். அடுத்து ஒருவர். "என் பொண்டாட்டியப் பொதைச்ச எடம். தர மாட்டோம்." அதையும் எழுதினாள். இன்னொருத்தி சாலையை நீயே வச்சுக்கோ என்றாள், அதிகாரியின் முகத்துக்கு நேராகவே. அதுவும் எழுத்துப் பிசகாமல் ஏறியது.

ஒன்பதாவது ஆளில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் ஒண்ணைத்தானே சொல்றாங்க. மேற்படின்னு போட்டு முடிங்கம்மா."

"மேற்படின்னு யாரும் சொல்லல சார்."

"ரெண்டு வருஷத்துல பென்ஷன் வாங்க வேண்டியவங்க நீங்க. பாத்துக்குங்க."

அந்த வார்த்தையையும் எழுதிக்கொண்டாள். அடுத்த ஆளை எழச் சொன்னாள். நாற்பத்து மூன்றாவது ஆள் உட்கார்ந்தபோது அவள் விரல் வீங்கியிருந்தது. பதிவேட்டைத் திருப்பி அதிகாரி முன்னால் வைத்தாள்.

கூட்டத்தை நடத்தியவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. ஏற்கெனவே ஒரு செல்லாத கூட்டத்துக்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். மொத்தம் பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் 'தர மாட்டோம்' என்பதற்குக் கீழே தன் முழுப்பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டார்.