அத்தான் அடைத்த காற்று

என் அக்காவின் கணவருக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை. ஜெர்மனியில் பல வருடம் ஓட்டல் சமையலறைகளில் சட்டி கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர். கழுவிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம், தச்சு, குழாய் வேலை எல்லாம் தானாக அவருக்குள் இறங்கிவிட்டதாம். சட்டி கழுவியதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் நிமிர்ந்தார்கள். ஆனால் "ஜெர்மனியில..." என்று அவர் தொடங்கினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

தோர்ண்டன் ஹீத்தில் அவர் வாங்கியது ஒரு பழைய பெரிய வீடு. இந்த ஊரில் வழக்கமாக ரேடியேட்டருக்குள் வெந்நீர்தான் ஓடும். அந்த வீட்டில் நீராவி. அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த யாரோ ஒருவன் அந்த நாட்டு முறையில் போட்டுவைத்தது என்று விற்றவர்கள் சொன்னார்கள். நிலவறையில் பாய்லர், அதிலிருந்து ஆவி குழாய் வழியே அறைகளுக்கு ஏறும். ஒவ்வொரு ரேடியேட்டரின் பக்கத்திலும் கட்டைவிரல் பருமனில் ஒரு வால்வு இருந்தது. ஆவி ஏறும்போது உள்ளே கிடக்கும் காற்று அதன் வழியாக உஸ் என்று வெளியேற வேண்டும். காற்று போனால்தான் ஆவிக்கு இடம் கிடைக்கும். ஆவி வந்து தொட்டதும் வால்வு தானே மூடிக்கொள்ளும்.

புதுவீடு குடிபூரலுக்கு முன் அத்தான் பெயின்ட் அடித்தார். சுவர், கதவு, ரேடியேட்டர், வால்வு எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை, தடிப்பாக. வால்வுகளின் வாய் அத்தோடு அடைபட்டது. நிலவறையில் பெரிய குழாயின் முடிவில் இருந்த வால்வு சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டையை இரும்பு மூடியால் இறுக்கினார்.

"காத்து வெளியில போனால் சூடும் சேர்ந்து வெளியில போயிடும் பிள்ளை. ஜெர்மனியில ஒரு வீட்டிலயும் உப்பிடி ஓட்டை இல்லை" என்று குடிபூரல் அன்று எனக்கு விளக்கினார். வந்திருந்த சொந்தக்காரர்கள் வடையைக் கடித்தபடி தலையாட்டினார்கள். வீடு வைத்திருப்பவன் சொன்னால் எங்கள் சனம் எதற்கும் தலையாட்டும்.

இலங்கையில் சண்டை ஓய்ந்து சமாதானம் என்று சொல்லிக்கொண்ட அந்தச் சில வருடங்களில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். நான் ஹவுன்ஸ்லோவில் பகிர்ந்து வாழும் வீடொன்றில், கட்டில் போட்டால் கதவு திறக்காத ஓர் அறையில் இருந்தேன். அதனால் அம்மா அக்கா வீட்டில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவருக்கு யாரும் மிச்சமில்லை. எப்படியாவது இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே எண்ணம்.

அத்தான் அம்மாவுக்கு ஒதுக்கியது மாடியின் பின்னறை. பாய்லரிலிருந்து மிகத் தூரமான அறை. கார்த்திகை மாதத்திலேயே அங்கே ரேடியேட்டர் பிணம்போலக் குளிர்ந்து கிடந்தது. அம்மா இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தார். நான் அத்தானிடம் சொன்னேன்.

"அது பழைய சாமான், அப்பிடித்தான். பிரஷரைக் கூட்டிவிடுறன்" என்றார்.

கூட்டினார். குழாய்கள் சம்மட்டியால் அடித்ததுபோல இடித்தன. கீழே, பாய்லருக்கு நேர் மேலே இருந்த அவருடைய டிவி அறையில் வியர்த்தது. பின்னறையில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஊர் ஆக்களுக்கு முதல் வருசம் உப்பிடித்தான் குளிரும். பழகிடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போனார். தன் மாமியாரின் உடம்பைவிடத் தன் பெயின்ட் வேலையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். இந்த மனிதரோடு அக்கா எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என் கையைப் பிடித்தார். விரல்கள் ஐஸ். "என்னால ஏலாது பிள்ளை. டிக்கெட்டைப் பார். நான் போறன்."

நான் டிக்கெட் பார்க்கவில்லை. வேலையிடத்து கம்ப்யூட்டரில் தேடினேன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அங்கே பொழுதுபோகாத கிழவர்கள் இன்டர்நெட்டில் ஆவி வால்வைப் பற்றி எழுதிக் குவித்திருந்தார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பிரஷரைக் குறை, காற்றை விடு. பெரிய குழாயின் முடிவில் பெரிய வால்வு, கிட்ட இருக்கும் அறைகளுக்கு மெதுவாகக் காற்றை விடுவது, தூரத்து அறைக்கு வேகமாக விடுவது. அந்த வால்வுகளைத் தபாலில் வரவழைத்தேன்.

அத்தான் கடையில் நின்ற ஒரு நாளில் பாய்லரை அணைத்து, குழாய்கள் ஆறியதும் வேலையைத் தொடங்கினேன். பெயின்ட் பிடித்திருந்த பழைய வால்வுகளைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டிக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டினேன். "அவர் கண்டால் பேசுவார்" என்று அக்கா வாசலுக்கும் படிக்கட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். நிலவறையில் இரும்பு மூடியைத் திருகிக் கழற்ற என் முழுப் பாரத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. மூடுவதற்கு மட்டும் அந்த மனிதருக்கு நல்ல கை.

பெரிய வால்வையும் பூட்டி, பிரஷரைக் குறைத்துப் பாய்லரை மறுபடி போட்டோம். பின்னறையில் வால்வு உஸ் என்று நீளமாக மூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அம்மா ரேடியேட்டரில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். எனக்கு அழுகை வந்தது.

மாலையில் அத்தான் வந்தார். பாய்லர் அப்போதுதான் மறுபடி தொடங்கியிருந்தது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மாடியேறினார். புது வால்வைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"ஆர் இதில கை வைச்சது? லீக் அடிக்குது. கழட்ட வேணும்" என்றார். ஸ்பானர் எடுக்கத் திரும்பினார்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார். "ஏன் தம்பி, அண்டைக்கு நீங்கள்தானே பழைய சாமான் எண்டு சொன்னனீங்கள்? நீங்கள் சொன்னபடிதான் இவள் மாத்தினவள். இப்ப பாருங்கோ, என்ன சூடு."

அத்தான் நின்றார். வால்வைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ரேடியேட்டரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஓம் மாமி. பழசை மாத்தச் சொல்லி நான்தான் சொன்னனான். உது காத்துப் போற சத்தம்" என்றார். கண் இமைக்காமல் சொன்னார். அந்த வாரமே அம்மா ஊரில் பழைய பக்கத்து வீட்டுக்காரிக்கு போன் எடுத்து, மருமகன் தனக்காக வீட்டையே சூடாக்கிவிட்டார் என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கோடையில் பெயின்ட் அடிக்க ஆள் வந்தான். அத்தான் ஒவ்வொரு வால்வுக்கும் தன் கையாலேயே டேப் சுற்றிவிட்டு அவன் பின்னாலேயே அலைந்தார். "உதில பெயின்ட் பட்டால் காத்துப் போகாது, விளங்கிச்சோ? ஜெர்மனியில..."

நான் சமையலறைக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையோ அம்மா? அந்தாளைத் தூக்கி வைச்சுக் கொண்டாடுறியள்."

அம்மா கையை நிறுத்தவில்லை. "நீயாப் பூட்டினது எண்டால் அண்டைக்கே கழட்டியிருப்பார். தான் சொல்லிப் பூட்டினதை அந்தாள் சாகும் வரைக்கும் கழட்டமாட்டார்" என்றார். "எனக்குச் சூடுதானே வேணும்."